பூட்ஸுக்குள் வைத்த பேட்ஜ்

என் உடம்புக்குள் என்ன போகிறது என்று கவலைப்பட்டு, அதை அளந்தும் பார்த்த இடம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். ஆஸ்பத்திரி என்று நினைத்தால் தப்பு. அது ஓர் அணுமின் நிலையம். திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. எங்கள் பக்கம் எண்ணூர் அனல்மின் நிலையத்திலிருந்து காற்றடித்தால் கொடியில் காயும் வெள்ளை வேட்டி சாம்பல் வேட்டியாகும். மணலி ரசாயன ஆலைகளிலிருந்து அடித்தால் கண் எரியும். கடலிலிருந்து அடித்தால் கருவாட்டு வாடை மட்டும்தான் வரும், அன்றைக்கு நல்ல காற்று என்று ஜன்னலைத் திறந்து வைப்போம். இதில் எது எவ்வளவு உள்ளே போயிற்று என்று பார்க்க எந்தத் துரையும் வந்து எங்கள் நெஞ்சில் மீட்டர் மாட்டியதில்லை. மாட்டிய ஒரே இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு, கம்பெனி கம்பெனியாக ஷட்டவுன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஓடுகிற தொழிற்சாலையை வருடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, அதன் குடலை உருவிக் கழுவி மறுபடி மாட்டுவதற்குப் பெயர் ஷட்டவுன். அந்தப் பத்து இருபது நாளுக்கு எங்களை மாதிரி ஆட்கள் இல்லாமல் நாடே நின்றுவிடும். மிச்ச நாட்களில் நாங்கள் டீக்கடை பெஞ்சில் இருப்போம், நாடு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

எங்களுக்கு வேலை பிடித்துத் தரும் மேஸ்திரி ராயபுரத்துக்காரர். செல்போன் மேஸ்திரிகளிடம் மட்டும் இருந்த காலம் அது. அவர் அதில் பேசியதைவிட, சட்டைப் பையில் பாதி வெளியே தெரியும்படி வைத்திருந்த நேரம்தான் அதிகம். ஒரு நாள் டீக்கடைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாமு, அணு கரண்டு கம்பெனில ரெண்டு மாச வேல கீது. எட்டு பேரு வோணும். மூணு வேளையும் கேண்டீன் சோறு. வர்றியா?"

"அணுவா? அப்பால எதுனா பேஜாரு ஆயிடப் போவுது."

"இன்னா பேஜாரு? கொளம் களுவற வேல. நம்ம ஊர்ல எவனாவது கொளத்தக் களுவிக் கீறானா? அங்க களுவுறானுங்கோ. அவ்ளோதான்."

இப்படி ஒரு விஞ்ஞான விளக்கத்துக்குப் பிறகு யார்தான் மறுப்பார்கள்? சரி என்றேன். இறால் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் அம்மாவுக்கு மட்டும் அணு என்ற வார்த்தை பிடிக்கவில்லை. எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த நேரம். பையன் வெளியூரில் மோட்டார் கம்பெனி வேலைக்குப் போகிறான் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, என்னிடம், "எவனாண்டயும் அணு கினுன்னு ஒளறிக்கினு நிக்காத" என்றாள்.

எந்த நிலையம் என்று நானும் சொல்லப் போவதில்லை. ரயிலில் ஒரு முழுப் பகல் போகும் தூரம், அவ்வளவுதான். போன முதல் நாளே எங்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். பாடம் நடத்தியவர் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி, நாகர்கோவில் பக்கத்துக்காரர். எங்களை "தம்பி" என்றும் "வாங்க போங்க" என்றும் கூப்பிட்டார். ஷட்டவுன் வேலையில் அப்படிக் கூப்பிட்டால் ஏதோ மோசமான வேலை காத்திருக்கிறது என்று அர்த்தம். எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

கதிர்வீச்சைக் கண்ணால் பார்க்க முடியாது, மூக்கால் முகர முடியாது என்றார். மூக்கால் முகர முடியாதது எதுவும் உடம்புக்குக் கெடுதல் செய்யும் என்று வடசென்னைக்காரனை நம்ப வைப்பது கஷ்டம். பிறகு தீப்பெட்டி அகலத்தில் ஒரு பேட்ஜைக் காட்டினார். அதற்குள் இருக்கும் வில்லை, நம்மேல் பட்ட கதிர்வீச்சையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம். கூடவே பேனா மாதிரி ஒன்று. வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் உள்ளே ஒரு கோடு நகர்ந்திருக்கும். இரண்டையும் வெள்ளை உடுப்புக்கு உள்ளே நெஞ்சோடு குத்திக்கொள்ள வேண்டும். ஒப்பந்த ஆளுக்கு இவ்வளவுதான் என்று ஓர் அளவு உண்டு. அந்த அளவு வந்ததும் வேலையிலிருந்து எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"ஒங்க நல்லதுக்குத்தான், பாத்துக்கிடுங்க" என்று முடித்தார்.

நாங்கள் பாத்துக்கிட்டோம். ஆனால் அவர் சொன்ன மாதிரி இல்லை. அளவு என்ற வார்த்தையைக் கேட்டதும் எங்கள் எட்டுப் பேர் மண்டையிலும் ரேஷன் கடைதான் வந்து நின்றது. கோட்டா! கடையில் கோட்டா முடிந்தால் மண்ணெண்ணெய் கிடையாது, இங்கே கோட்டா முடிந்தால் வேலை கிடையாது. அன்று சாயங்காலத்திலிருந்து கதிர்வீச்சு என்ற வார்த்தையை யாரும் உபயோகிக்கவில்லை. எல்லாம் கோட்டாதான். இன்னிக்கு எவ்ளோ கோட்டா போச்சி, அவனுக்கு இன்னும் எவ்ளோ கோட்டா கீது என்றுதான் பேச்சு.

அந்தக் குளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உலையில் எரிந்து முடிந்த எரிபொருளை உடனே வெளியே எடுத்துப் போட முடியாது. சூடும் கதிர்வீச்சும் அடங்க வருடக்கணக்காகும். அதுவரை ஆழமான தண்ணீரில் முக்கி வைத்திருப்பார்கள். அடியில் கிடக்கும் சரக்குக்கும் மேலே நிற்கும் ஆளுக்கும் நடுவில் அந்தத் தண்ணீர்தான் சுவர். பெரிய கட்டடத்துக்குள்ளே, கூரைக்குக் கீழே இருக்கும் குளம் அது. அதற்குக் குறுக்கே தண்டவாளத்தில் நகரும் ஒரு பாலம். பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தால் அடியில் தட்டுத் தட்டாக எரிபொருள் அடுக்கியிருப்பது தெரியும். விளக்கை அணைத்தால் நீலமாக ஒரு வெளிச்சம் தெரியும் என்றார்கள். எங்களுக்காக யாரும் அணைக்கவில்லை.

அப்படி ஒரு தண்ணீரை நான் அதுவரை பார்த்ததில்லை. எங்கள் ஊர்க் கோயில் குளத்தில் அப்போது பையன்கள் ஸ்டம்ப் நட்டுக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். தெருவுக்கு நான்கு நாளைக்கு ஒரு தடவை லாரி வரும். குடத்தின் வாயில் துணி கட்டிப் பிடித்து, துணியில் என்ன தங்கியது என்று பார்க்காமல் உதறிவிடுவோம். இங்கே என்னடாவென்றால் குளத்துக்கென்று தனியாகப் பம்பு, ஃபில்டர், காவல், அதிகாரி, பதிவேடு எல்லாம் வைத்து, தண்ணீரை ஓயாமல் வடிகட்டிக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தார்கள். நாட்டிலேயே சுத்தமான தண்ணீர், யாரும் ஒரு வாய் குடிக்க முடியாத இடத்தில் இருந்தது.

எங்களோடு வந்தவர்களில் ஒருவர் காசிமேட்டுக்காரர். கடலில் வலை விட்டுக்கொண்டிருந்து, கட்டுப்படியாகாமல் எங்கள் பக்கம் வந்தவர். முதல் நாள் பாலத்தில் நின்று ரொம்ப நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இதுல மீனு உட்டா வளருமா?" என்று அதிகாரியைக் கேட்டார்.

"தின்ன ஒண்ணுமே கெடையாதே தம்பி, அதுல."

"அப்ப சுத்தமா கீற தண்ணின்னா எதுவும் பொளைக்காதுன்ற" என்றார் காசிமேட்டுக்காரர். அதிகாரி சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை, அதில் ஏதோ நியாயம் இருப்பதாகப் பட்டது.

வேலை கேவலமான வேலை இல்லை. தண்ணீர் மட்டம் தொடும் இடத்தில் சுவர் முழுக்க ஒரு கறைக் கோடு படிந்திருக்கும், வீட்டுத் தொட்டியில் படிகிற மாதிரி. நீளக் கம்பு பிரஷ்ஷால் அதைத் தேய்க்க வேண்டும். தேய்த்த துணியைத் தனிப் பையில் போட வேண்டும். அழுக்கெல்லாம் போய்ச் சேரும் ஃபில்டர்களைக் கழற்றி மாற்ற வேண்டும். இந்த ஃபில்டர் வேலையில்தான் கோட்டா சீக்கிரம் போகும். வெளியே வரும்போது கை கால் வைத்துப் பார்க்கும் மெஷின் ஒன்று கத்தினால் திரும்பக் குளிக்க அனுப்புவார்கள். நிறைய தண்ணீர், நிறைய சோப்பு. தொழிலாளியைக் குளிக்காமல் வீட்டுக்கு விடமாட்டேன் என்று அடம்பிடித்த கம்பெனியை நான் அங்கேதான் பார்த்தேன். சில பேர் மெஷின் கத்தாமலே இரண்டு தடவை குளித்தார்கள்.

ஒன்பதாம் நாள் காசிமேட்டுக்காரருக்குக் கோட்டா முடிந்துவிட்டது. ஃபில்டர் வேலையில் அவர்தான் கெட்டிக்காரர், அவரையே அனுப்பி அனுப்பி முடித்துவிட்டார்கள். பெட்டியைக் கட்டச் சொன்னதும் மனுஷன் அதிகாரியின் மேஜை முன்னால் போய் நின்றார்.

"சார், நான் இன்னும் தாங்குவேன் சார்."

"தாங்குறதப் பத்தி இல்ல தம்பி. இதுக்கு மேல வாங்கக் கூடாது. ரூல்."

"அப்ப எஞ்சம்சாரம் கோட்டாவப் போட்டுக் குடு சார். அது வூட்ல சும்மாத்தான கீது."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவரால் சிரிக்கவும் முடியவில்லை, கோபப்படவும் முடியவில்லை. காசிமேட்டுக்காரர் அன்றே ரயில் ஏறினார். எஸ்.டி.டி. பூத்தில் வீட்டுக்குப் போன் பண்ணும்போது அழுதார் என்று கூடப் போனவன் வந்து சொன்னான்.

அன்று மத்தியானமே, எங்களோடு வந்திருந்த மேஸ்திரி எங்களை உடை மாற்றும் அறையில் ஓரமாகக் கூட்டி, தன் கண்டுபிடிப்பைச் சொன்னார்.

"இத பாரு. கோட்டாவத் துன்றது எது? பேட்ஜி. பேட்ஜி உள்ள வந்தாத்தான துன்னும்? அத்த இங்கயே வெச்சிட்டுப் போனா, கோட்டா அப்டியே கீது. மூள வோணும் மாமு, மூள."

அலமாரியின் அடித்தட்டில் ஓட்டை விழுந்து ஒதுக்கிய ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி கிடந்தது. எங்கள் பேட்ஜும் பேனாவும் அதற்குள் போயின. உடுப்புக்கு உள்ளே குத்துவதாகையால் யாருக்கும் தெரியாது. நாள் முழுக்க அங்கேயே வைத்துவிட்டாலும் சந்தேகம் வரும் என்று மேஸ்திரி அதற்கும் கணக்கு வைத்திருந்தார். காலையில் கொஞ்ச நேரம் நெஞ்சில், மற்ற நேரம் பூட்ஸில். பரீட்சையில் பார்த்து எழுதுகிறவன் நூற்றுக்கு நூறு வாங்காமல் கௌரவமாக அறுபது வாங்குகிற மாதிரி. தினமும் சாயங்காலம் பேனாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கௌரவமான அளவுக்குக் கோடு நகர்ந்திருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொள்வோம்.

மற்றவர்களுக்காவது பிள்ளை குட்டி, வாடகை என்று காரணம் இருந்தது. எனக்கு என்ன காரணம்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மூன்று வேளை சோறும், திறந்தால் வரும் குழாயும். வீட்டுக்குப் போனால் விடியற்காலை லாரிக்குக் குடம் வரிசையில் வைக்க வேண்டும். படித்தவன் நான், அந்த வில்லை எதையும் தின்னாது, பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பூட்ஸுக்குள் போட்டேன். இரண்டு மாதம் முழுசாக முடித்து, உடம்பில் கொஞ்சம் சதை போட்டு ஊருக்கு வந்தேன். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த தையில் பெரம்பூரில் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா ரயில்வேயில் இருந்தவர். ரயில் பெட்டிகளுக்குப் பெயிண்ட் அடித்தே முப்பது வருடத்தை ஓட்டியவர், இருமினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். கேசரியும் பஜ்ஜியும் வந்தன, பெண்ணும் வந்தாள். ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைக் குனியாமல் என்னை ஒரு நிமிஷம் நேராகப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். எனக்குப் பிடித்துவிட்டது. எல்லாம் கூடிவரும் நேரத்தில், எங்களோடு வந்த சித்தப்பா பெருமை தாங்காமல், "பையன் அணு கரண்டுலயே வேல பாத்தவன்" என்று அள்ளி விட்டார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் கேசரி ஆறிப்போனது.

பெண்ணின் அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. அந்த எடத்துல வேல செஞ்சவங்களுக்குக் கொழந்த தங்காதுன்னு சொல்றாங்களே" என்று கேட்டார். தன் முப்பது வருடத்துப் பெயிண்டைப் பற்றி அவரை யாரும் எந்தச் சம்பந்தத்தின்போதும் கேட்டிருக்க மாட்டார்கள். இருமிவிட்டு, "எதுனா பேப்பர் இருந்தாக் காட்டுங்க. எனக்குப் பேப்பர் போதும்" என்றார்.

பேப்பர் இல்லாமலா? வேலை முடிந்து போகும்போது ஒவ்வொருவரும் எவ்வளவு வாங்கினார் என்று முத்திரை குத்திய தாள் ஒன்று கொடுத்திருந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அனுமதித்த அளவில் ஒரு துளி. அவர் அதை இரண்டு தடவை படித்தார், முத்திரையைத் தடவிப் பார்த்தார். கவர்மெண்டில் இருந்தவர்களுக்கு முத்திரை மேல் இருக்கும் நம்பிக்கை சாமி மேல்கூட இருக்காது. "சுத்தமான பையன்" என்று பெண்ணின் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். நான் அடக்கமாகப் புன்னகைத்தேன். பூட்ஸுக்குள் பத்திரமாக இருந்து மார்க் வாங்கிக் கொடுத்த பேட்ஜுக்கு மனதுக்குள் ஒரு நன்றிகூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

கல்யாணம் நடந்தது. அவள் திருவொற்றியூருக்கு வந்தாள். பஸ் பிடித்து வேலைக்கும் போவாள், வந்து குடமும் தூக்குவாள், கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும் சாலையைத் தாண்டி மார்க்கெட்டுக்கும் போவாள். எட்டு மாதத்தில் உண்டானாள். மூன்றாம் மாதம் கலைந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "நீங்க என்ன வேல செய்றீங்க? கெமிக்கல், எக்ஸ்ரே, ரேடியேஷன் அந்த மாதிரி எதாவது உண்டா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"அதெல்லாம் டெஸ்ட்டு பண்ணிப் பேப்பரே குட்து கீறாங்க டாக்டர். எம்பையன் மேல ஒரு கொறையும் இல்ல."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். நானும் தலையாட்டினேன். யாரும் என் கழுத்தைப் பிடித்து ஆட்ட வைக்கவில்லை, நானாகத்தான் ஆட்டினேன்.

என் மேல் குறையில்லை என்று ஆகிவிட்டால், குறை எங்கேயாவது போய் உட்கார்ந்துதானே ஆக வேண்டும்? அது நேராக அவள் மேல் போய் உட்கார்ந்தது. குடம் தூக்கியது தப்பு, பஸ்ஸில் போனது தப்பு, உடம்பே சூட்டு உடம்பு. லாரி வந்தால் குடத்தை வேறு யார் தூக்குவார்கள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அவள் வேலையை விட்டாள். அடுத்த வருடம் மறுபடி உண்டாகி, மறுபடி கலைந்தது. இந்தத் தடவை அம்மா நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அவள் பரிமாறிக்கொண்டிருக்கும்போது, அவளைக் கேட்டாள்.

"இன்னா ஒடம்பும்மா இது? ஒண்ணத்தக்கூட வெச்சிக்க மாட்டேன்து."

அவள் கரண்டியை எடுத்தாள். என் தட்டில் ரசம் ஊற்றினாள். நான் ரசத்தைப் பிசைந்து சாப்பிட்டேன். நல்ல ரசம்.

அந்த வாரமே அவள் அப்பா வந்தார். நாற்காலியைப் போட்டும் உட்காராமல் நின்றுகொண்டு, என் அம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மாப்ள மேல நான் ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. பேப்பர என் கண்ணால பாத்திருக்கேன். எம்பொண்ணு ஒடம்புதான் சரியில்ல. கூட்டிக்கினு போயி ஒரு ஆறு மாசம் வெச்சிருந்து, வைத்தியம் பாத்துக் கொண்டாந்து உடறேன். அதுக்குள்ள நீங்க வேற மாதிரி முடிவு எதுவும் எடுத்துடக் கூடாது."

முப்பது வருடம் பெயிண்ட் அடித்த இரண்டு கைகள், விரல் இடுக்கில் இன்னும் பெயிண்ட் கறையோடு, எங்கள் வீட்டு நடுவில் கும்பிட்டுக்கொண்டு நின்றன. என் காரியத்துக்காக. அம்மா, "பாப்போம்" என்றாள். அப்படியென்றால் வேறு பெண் பார்ப்போம் என்றும் அர்த்தம் வரும், வராமலும் போகும். என் மனைவி ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் போய் ஆட்டோவுக்கு பேரம் பேசி ஏற்றிவிட்டேன். அந்த அளவுக்குப் பொறுப்பான கணவன்.

ஐந்து மாதம் ஓடியது. நான் இரண்டு மூன்று தடவை பெரம்பூர் போய்க் காபி குடித்துவிட்டு வந்தேன். இதற்குள் அம்மா கொருக்குப்பேட்டையில் ஒரு பெண் இருப்பதாக யாரிடமோ பேசியது என் காதுக்கு வந்தது. அன்றுதான் எனக்கு முதல் முதலாகப் பயம் வந்தது. என் மனைவி போய்விடுவாள், நான் வாயைத் திறக்காததால் மட்டுமே போய்விடுவாள் என்று தெரிந்தது. அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் ரயிலேறினேன். பெரம்பூருக்கு அல்ல. அதற்குத் தைரியம் இல்லாமல் அணுமின் நிலையத்துக்குப் போனேன்.

உள்ளே விடமாட்டார்கள். கேட்டில் சீட்டு எழுதிக் கொடுத்து, பார்வையாளர் அறையில் காத்திருந்தேன். நாகர்கோவில் அதிகாரி வந்தார். முடி நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. பூட்ஸ் விஷயத்தை முழுக்கச் சொன்னேன், இரண்டு கலைந்ததையும் சொன்னேன். 

"அதனாலதான் கலைஞ்சுதா சார்?"

"அப்படித் தோணல. நீங்க நின்ன இடத்துல எவ்வளவு இருந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியும். பேட்ஜ் இல்லாட்டியும், இத்தனை நாள் நின்னா சுமாரா இவ்வளவுதான்னு ஒரு கணக்குப் போடலாம். அது பெரிய அளவா இருக்காது. ரெண்டு தடவ கலையறது நெறைய பேருக்கு நடக்கத்தான் செய்யுது தம்பி, யார் மேலயும் தப்பே இல்லாம. ரெண்டு பேரும் ஒரு நல்ல டாக்டரப் பாருங்க, இதையும் மறைக்காமச் சொல்லுங்க." என் நெஞ்சைச் சுட்டிக் காட்டினார். "ஆனா சுமாரான்னுதான் என்னால சொல்ல முடியும். உறுதியாச் சொல்ல ஒங்க நெஞ்சுல ஒண்ணு மாட்டி விட்டேன். அத நீங்க பூட்ஸுக்குக் குடுத்துட்டீங்க."

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு தாளை எடுத்து, நான் சொன்னதையெல்லாம் எழுதி என்னிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டார். பதிவேட்டில் திருத்த வேண்டுமாம். டீ வாங்கிக் கொடுத்தார். எழுந்து போகும்போது, "வீட்ல சொல்லியாச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். 

திரும்பி வரும் ரயிலில் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. அணுவால் எங்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனதெல்லாம் என்னால் ஆனது. இது தெரிந்துகொள்ள அணு விஞ்ஞானம் தேவைப்பட்டது பாருங்கள், அவ்வளவு அறிவாளி நான்.

பெரம்பூர் வீட்டுக்குப் போனபோது மத்தியானம். அவள் மட்டும் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் அப்பா பின்கட்டில் சைக்கிளைக் கழுவும் சத்தம் கேட்டது. "வாங்க" என்று எழுந்தாள். உட்காரு என்று சொல்லி, எதிரில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். குளம், கோட்டா, பூட்ஸ், பேப்பர், அதிகாரி சொன்னது. சொல்லச் சொல்ல எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, இவ்வளவு தூரம் போய் உண்மையைக் கண்டுபிடித்து வந்திருக்கிறேனே என்று. அவள் என்ன கேட்பாள் என்று யோசித்து வைத்திருந்தேன். உடம்புக்கு எதாவது ஆகுமா, இனிமேல் குழந்தை பிறக்குமா என்றெல்லாம் கேட்பாள். எல்லாவற்றுக்கும் அதிகாரியிடமிருந்து பதில் கொண்டுவந்திருந்தேன்.

அவள் கேட்டது வேறு.

"ஒங்கம்மா என்னா ஒடம்பும்மா இதுன்னு கேட்டாங்களே, நீங்க சாப்ட்டுகினு இருக்கசொல்ல. அப்பவே ஒங்களுக்கு இது தெரியுமா?"

இதற்கு அதிகாரியிடம் பதில் வாங்கி வரவில்லை.

"தெரியும்" என்றேன்.

"எங்கப்பா வந்து கும்பிட்டாரே, அப்ப?"

"தெரியும்."

அவள் மடியிலிருந்த கீரையை முறத்தில் தள்ளினாள்.  எழுந்து பின்கட்டுப் பக்கம் திரும்பி, "அப்பா, இங்க வா. இவரு ஒன்னாண்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்று கூப்பிட்டாள்.

அவர் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க மாப்ள, எப்ப வந்தீங்க? ஏம்மா, தரைலயா குந்த வெச்சிருக்க, சேர் போட வேணாம்?" என்று மகளைக் கடிந்துகொண்டு தானே நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே திரும்ப முதலிலிருந்து சொன்னேன். இந்தத் தடவை எந்தப் பெருமையும் வரவில்லை. வார்த்தைகள் ஒவ்வொன்றாக, கல்லைத் தூக்கி வைப்பது போல வந்தன. எனக்கு அவமானமாக இருந்தது. அவள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவருக்குக் குளமும் பேட்ஜும் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. பேப்பர் பொய் என்பது மட்டும் புரிந்தது. அடிப்பார் என்று நினைத்தேன், வெளியே போ என்பார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கதவோரம் நின்ற மகளைப் பார்த்தபடியே என்னைக் கேட்டார்.

"அப்போ எம்பொண்ணு மேல தப்பு இல்லியா?"

"இல்ல மாமா" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் பிடித்திருக்கிறது.